மலைச்சரிவுக்கு ஒரு மொழி

அன்பின் அக்காவுக்கு,

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கிறேன். இந்த இடைவெளியில் ஒரு நெடுங்கதை எழுதத் தொடங்கினேன். அதில் வரும் மலைவாசிகள் பள்ளத்தாக்குக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று பேசுகிறவர்கள், பிறகு ஓர் அத்தியாயத்தில் சமவெளிக்கு இறங்குகிறார்கள். அவர்களுக்கு ஒரு சொந்த மொழி செய்திருக்கிறேன். 46 ஒலிகள், எட்டு வேற்றுமைகள், ‘இது, அது’ போல இரண்டு சுட்டுகள். ‘கெலோ மிகானு தசேன்’ என்றால் ‘நான் ஆற்றுக்குப் போகிறேன்’. ‘கெலோனு வுரிக்’ என்றால் ‘எனக்குப் பசிக்கிறது’. என் சிநேகிதி வாசித்துவிட்டு, “தமிழுக்கு வேறு சட்டை போட்டிருக்கிறாய், அவ்வளவுதான்” என்கிறாள். அவள் சொல்வது சரியா? இந்த மொழிக்குத் தனி எழுத்தும் வேண்டுமா?

த.,
பொகவந்தலாவை

அன்பின் த.,

உங்கள் சிநேகிதிக்கு நல்ல காது. அதற்காக நீங்கள் சோர்ந்துபோக வேண்டாம். எஸ்பெராந்தோ என்ற செயற்கை மொழியை 1887இல் வெளியிட்ட சாமென்ஹோஃப் பிறந்த ஊரான பியாலிஸ்டோக்கில் போலிஷ், ரஷ்யன், யூதர்கள் பேசும் இத்திஷ், ஜெர்மன் எல்லாம் புழங்கின. எல்லோருக்கும் எளிதாக இருக்கட்டும் என்று அவர் செய்த மொழியில் ‘அறிதல்’ என்பதற்கான சொல் ‘ஸ்த்ஸீ’ என்பதுபோலத் தொடங்குகிறது. அவர் ஊர்க்காரருக்கு அது பழகிய ஒலி. நம் நாக்குக்கு அது கல்லும் முள்ளும். ஆக, தாய்மொழி கசியத்தான் செய்யும். எந்த இடத்தில் கசிகிறது என்பது செய்தவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

உங்கள் வாக்கியங்களில் எனக்குத் தெரிவது இது. ‘தசேன்’ என்பதன் கடைசியில் உள்ள ‘ஏன்’ நம் ‘போகிறேன்’ என்பதில் இருக்கும் அதே ‘ஏன்’. ‘மிகானு’வில் வரும் ‘னு’ நம் நான்காம் வேற்றுமை ‘கு’. இவை மேலே தெரிபவை, மாற்றிவிடலாம். ஆழத்தில் கசிந்திருப்பது ‘கெலோனு வுரிக்’. பசி வந்தால் ‘எனக்கு’ என்று சொல்வது உலகம் முழுவதற்கும் இயல்பு என்று நினைத்திருக்கிறீர்கள். நினைக்காமல் எப்படி இருப்பீர்கள்? பக்கத்துக் கடையில் சிங்களத்திலும் ‘மட படகினி’ என்றுதான் கேட்கிறது. அந்த ‘மட’வும் ‘எனக்கு’தான். எஸ்பெராந்தோவில் ‘மி மால்சாதாஸ்’ என்பார்கள். அங்கே பசிக்கிறவர் ‘நான்’ என்றே நிற்கிறார். உங்கள் மலைவாசிகளுக்குப் பசி வெளியிலிருந்து வந்து சேர்கிறதா, அவர்களே செய்யும் காரியமா? இந்த ஒரு கேள்விக்கு யோசித்துப் பதில் வைத்தால், எட்டு வேற்றுமையில் பாதி தேவைப்படாமல் போகலாம்.

அடுத்தது அந்த 46 ஒலிகள். ஒலிகளைக் குவிப்பதால் மொழிக்கு முகம் வராது. எதை வாயில் போட மாட்டேன் என்று அது மறுக்கிறதோ அங்கேதான் முகம் வருகிறது. தமிழில் ர என்ற ஒலி உண்டு, ஆனால் பழைய இலக்கணப்படி சொல்லுக்கு முதலில் வராது. அதனால் ராமன் இராமன் ஆனான். நம் தேயிலைத் தோட்டங்களைப் பாருங்கள். வெள்ளைக்காரத் துரைமார் ‘பரேட்’ என்றார்கள். வல்லின மெய்யில் சொல்லை முடிக்க நம் நாக்கு ஒப்பவில்லை, காலையில் ஆள் எடுக்கிற இடம் பெரட்டுக் களம் ஆனது. தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான ‘லைன்’ லயமானது. ‘ஸ்டோர்’ இஸ்டோர் ஆனது. இலக்கணம் படிக்காத நம் பாட்டன் பாட்டிமாரின் வாயில் அந்த விதிகள் அவ்வளவு உறுதியாக இருந்தன. எனக்கு இது இன்றைக்கும் ஆச்சரியம்தான். நீங்களும் செய்து பாருங்கள்: ‘பரேட்’ உங்கள் மொழிக்குள் போனால் என்னவாகி வெளியே வரும்? அப்படியே வந்தால் உங்கள் மொழிக்கு இன்னும் வாய் அமையவில்லை.

ஒலியைப் பற்றி இன்னொன்று. நாங்கள் இருந்தது மேட்டு லயம், தண்ணீர் பிடிக்கும் பீலி பணிய, அதாவது கீழே. அந்தி நேரம், மூட்டம் இறங்கியிருக்கும். வாசலில் நின்று அம்மா “வாணீ...” என்று என் அக்காவைக் கூப்பிடுவார். பீலிக்கு வந்து சேரும்போது மெய்யெழுத்தெல்லாம் வழியிலேயே கரைந்து ‘ஆ...ஈ...’ மட்டும் மிஞ்சும். அடுத்த காம்பராப் பிள்ளை ராணியும் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு மேலே ஓடுவாள். தொல்காப்பியத்தில் விளிமரபு என்றே ஓர் இயல் இருக்கிறது. தூரத்தில் இருப்பவரை அழைக்கும்போது பெயர் தன் அளவைக் கடந்து நீளும் என்று அது சொல்கிறது. பின்னாளில் அதைப் படித்தபோது எனக்கு அந்தப் பீலிதான் ஞாபகம் வந்தது. உங்கள் மலைவாசிகள் பள்ளத்தாக்குக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று பேசுகிறவர்கள் என்று எழுதுகிறீர்கள் அல்லவா? அப்படியானால் அவர்கள் மொழியில் உயிரும் நீட்டமும் குரலின் ஏற்ற இறக்கமும்தான் பாரம் சுமக்க வேண்டும். மெய்கள் பத்துப் பன்னிரண்டு போதும். கானரித் தீவுகளில் லா கொமேரா என்ற மலைத்தீவு இருக்கிறது. அங்கே ஸ்பானிய மொழியையே விசிலாக அடித்து, பள்ளத்தாக்கைத் தாண்டிப் பேசிக்கொள்கிறார்கள். யுனெஸ்கோ 2009இல் அதை மனித குலத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

இலக்கணத்திலும் அந்தச் சரிவு தெரிய வேண்டும். நீங்கள் வைத்திருக்கும் சுட்டு நம் ‘இது, அது’ போல இரண்டுதான். யாழ்ப்பாணத்துச் சிநேகிதர்கள் ‘உது’ என்றும் சொல்வார்கள், பழந்தமிழின் மூன்றாவது சுட்டு அவர்கள் பேச்சில் இன்னும் உயிரோடு இருக்கிறது. சிங்களத்தில் மே, ஒய, அர, ஏ என்று நான்கு. மெக்சிக்கோவின் ட்ஸெல்டால், அவுஸ்திரேலியாவின் டயர்பல் போன்ற மொழிகளில் மேட்டுப் பக்கமா பள்ளத்துப் பக்கமா என்பது மொழியின் அமைப்பிலேயே ஊறியிருக்கிறது. நாம் வேண்டுமானால் ‘பணிய’ என்று சேர்த்துச் சொல்கிறோம், விட்டுவிட்டாலும் வாக்கியம் குறையாது. உங்கள் மக்களை விடவே முடியாதபடி செய்யுங்கள். ‘அந்த வீடு’ என்று ஒருவர் சொல்ல வாயெடுத்தாலே அது தனக்கு மேலா, பணியவா, அதே மட்டமா என்று சொல்லியாக வேண்டும். அப்புறம் அவர்கள் சமவெளிக்கு இறங்கும் அத்தியாயம் வருகிறது என்றீர்களே, அங்கே எந்தச் சுட்டைச் சொல்வது என்று தெரியாமல் ஒரு பிள்ளை தடுமாறினால் அதுவே உங்கள் கதையின் நல்ல இடம்.

தனி எழுத்து இப்போது வேண்டாம், தமிழிலேயே எழுதுங்கள். ஆனால் ஒரு கவனம். ‘மிகா’ என்று நீங்கள் எழுதியதை நான் ‘பகல்’ என்பதில் வரும் மெலிந்த க போல வாசித்தேன். நீங்கள் நினைத்தது ‘பக்கம்’ என்பதில் வரும் க ஆக இருக்கலாம், ‘தங்கம்’ என்பதில் வருவதாகவும் இருக்கலாம். தமிழ் எழுத்து இவற்றைப் பிரித்துக் காட்டாது. வன்மையான ஒலிக்கு அடியில் ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோட்டோடு இன்னும் இருபது வாக்கியம் எழுதி அனுப்புங்கள், சத்தம்போட்டு வாசித்துப் பார்க்கிறேன்.

அன்புடன்,
அக்கா