மோனா லிசா நகல்: கன்னத்து நிழல் கலங்குவது ஏன்?

மோனா லிசாவை நகலெடுக்கும்போது கன்னத்து நிழல் அழுக்காகிறது என்று எழுதியிருந்தீர்கள். ஈர வண்ணத்தின் மேலேயே திரும்பத் திரும்பத் தேய்ப்பதுதான் காரணமாக இருக்கும். லியொனார்டோ ஒளி ஊடுருவும் மிக மெல்லிய பூச்சுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றியிருக்கிறார். சில பூச்சுகள் ஓரிரு மைக்ரோமீட்டர்தான் (ஒரு மைக்ரோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு)! 2010இல் வெளியான எக்ஸ்ரே ஆய்வில் தெரிந்த விஷயம் இது.

முதலில் அம்பர் (umber) என்ற மண் பழுப்பு, வெள்ளை இரண்டை மட்டும் வைத்து முகத்தின் ஒளி நிழலை முடியுங்கள். நன்றாகக் காயட்டும். அப்புறம் ஆளிவிதை எண்ணெய் கலந்த மெல்லிய பூச்சு, மறுபடி காயவிடுவது, இப்படியே. மேல் பூச்சில் எண்ணெய் கூடுதலாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெடிப்பு விழும். நிழல் பூச்சில் ஒளி ஊடுருவாத டைட்டானியம் வெள்ளை வேண்டவே வேண்டாம்.

இன்னொன்று, மூலத்தில் தெரியும் மஞ்சளில் பெரும்பங்கு பழைய வார்னிஷுடையது. தோல் நிறத்துக்கு மாட்ரிட் பிராடோ அருங்காட்சியகத்தில் சுத்தம் செய்யப்பட்ட பழைய நகலையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.