எம்எல்ஏ பேச்சை விடுங்க, நீங்க பிறந்தது எந்த வருஷத்து ஆடி?

கேள்வி: அண்ணாச்சி, நான் நாங்குநேரி பக்கம் இலங்கைத் தமிழர் முகாம்ல இருக்கேன். அப்பா அம்மா யாழ்ப்பாணத்துல இருந்து படகுல வந்தவங்க. நான் பிறந்தது ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரி. பத்து வருஷம் முன்னாடி கட்சிக்காரங்களே ஓட்டர் ஐடி எடுத்துக் கொடுத்தாங்க, ஓட்டும் போட்டேன். இப்ப அதே கட்சி எம்எல்ஏ குடிமக்களுக்கு மட்டும்தான் ஓட்டுன்னு மேடைல பேசுறாரு, எஸ்ஐஆர்னு வாக்காளர் பட்டியலைத் திருத்துறாங்களே, அந்த நோட்டீஸும் வந்துட்டு. மனசே ஆறல. அவர் மேல கேஸ் போடலாமா? ஹியரிங்ல பத்தாங்கிளாஸ் சர்டிபிகேட் கொடுத்தா போதும்தான? அதுல 5.6.1987னு இருக்கு. அம்மா என்னமோ ஆடி அமாவாசைக்குப் பிறந்தேன்னு சொல்லுதாங்க.

பதில்: தம்பி, எம்எல்ஏ மேல கேஸ் நிக்காது. அவர் சொன்னது அரசியல் சாசனம் 326வது பிரிவுலயே இருக்கு, 1950 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 16வது பிரிவும் அதைத்தான் சொல்லுது. பட்டியல்ல பேரை வைக்கதும் எடுக்கதும் ஈஆர்ஓ, அதாவது வாக்காளர் பதிவு அதிகாரி வேலை, எம்எல்ஏ மேடைல என்ன பேசினாலும் உங்க பேர் போகப்போறதில்ல. ஓட்டை வாங்கிட்டு இப்படிப் பேசுறாரேங்கற வருத்தம் நியாயம்தான், ஆனா அதை ஹியரிங்ல எடுத்துடாதீங்க, அப்ப பட்டியல்ல பேர் சேர்க்கக் கொடுத்த அந்த ஃபார்ம் 6ல இந்தியக் குடிமகன்னு கையெழுத்துப் போட்டது யாருன்னுதான் அடுத்த கேள்வி வரும்.

கடைசில போறபோக்குல ஒரு வரி எழுதியிருக்கீங்களே, அந்த ஆடி அமாவாசை, அதுலதான் மொத்த விஷயமும் இருக்கு. 1.7.1987க்கு முன்னாடி இந்திய மண்ணுல பிறந்திருந்தா அப்பா அம்மா யாரா இருந்தாலும் நீங்க பிறப்பால இந்தியக் குடிமகன், முகாம்ல இருக்கதால அது மாறாது. மண்டபம் முகாம்ல 1986ல பிறந்த ஒரு பொண்ணுக்கு பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி ஹைகோர்ட் மதுரைக் கிளை 2022ல உத்தரவு போட்டதும் இந்தக் கணக்குலதான். அந்தத் தேதிக்கு அப்புறம் பிறந்திருந்தா அப்பா அம்மால ஒருத்தராவது இந்தியக் குடிமகனா இருக்கணும். காரையார் சொரிமுத்தையனார் கோயில்ல கூட்டம் நெரியுற ஆடி அமாவாசை எந்த வருஷமும் ஜூலை 1க்கு முன்னாடி வந்தது கிடையாது. அப்போ 86 ஆடின்னா நீங்க குடிமகன், 87 ஆடின்னா அப்பா அம்மால ஒருத்தர் இந்தியரா இருந்தாலொழிய இல்ல. ரெண்டுல எதுவா இருந்தாலும் ஜூன் 5ங்கறது பொய்த் தேதி.

உங்களுக்கு யாரோ சொல்லியிருப்பாவ, எஸ்ஐஆர்ல 1.7.1987க்கு முன்னாடி பிறந்தவங்க தன்னோட ஆவணம் ஒண்ணு மட்டும் காட்டினா போதும், மார்க் ஷீட்டை நீட்டு, முடிஞ்சு போச்சுன்னு. ஆமா, முடிஞ்சுதான் போகும். நம்ம ஊர் ஸ்கூல்ல வாத்தியார்மாரே அஞ்சு வயசு ரொம்பணும்னு பிள்ளையோட தேதியை ஜூன் மாசத்துக்கு முன்னால தள்ளிப் போட்டது ஊருக்கே தெரியும், ஆபீஸர்க்கும் தெரியும். 87 ஆடில பிறந்த பிள்ளையைத்தான் 87 ஜூன்னு போடுவாங்க, 86 ஆடில பிறந்து ஏற்கெனவே வயசு ரொம்பின பிள்ளைய எதுக்கு பத்து மாசம் சின்னதாக்கணும்? எதிர்ல ஒருத்தர் இதைக் கேட்டா உங்ககிட்ட பதில் இருக்கா? அதோட உங்க வீட்ல இல்லாத பேப்பர் முகாம்களைக் கண்காணிக்கற க்யூ பிராஞ்ச் போலீஸ்ல இருக்கும், படகுல இருந்து இறங்குன அன்னைக்கு எழுதின குடும்பப் பதிவு, முகாம்ல அரசாங்கம் பணக்கொடை கொடுத்த லிஸ்ட், அதுல கைக்குழந்தைன்னு உங்க பேர் எந்த மாசம் ஏறிச்சுங்கறது வரைக்கும். சர்டிபிகேட் ஒண்ணு சொல்லி அவங்க பதிவு வேற சொல்லிச்சுன்னா அதே 1950 சட்டம் 31வது பிரிவுல பொய் வாக்குமூலம், ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில் இல்ல அபராதம் இல்ல ரெண்டும். என்கிட்ட கேஸ் கொடுத்தவங்க மாட்டிக்கிட்டது அந்த ஒரு வருஷத்துல இல்ல தம்பி, அதுக்கு அப்புறம் குடியுரிமைக்கு மனு போடும்போது. எந்த டேபிளுக்குப் போனாலும் அந்த எஃப்ஐஆர் நம்பர் கூடவே வரும், தங்கச்சி பாஸ்போர்ட் விசாரணைல கூட அண்ணன் கேஸை எடுத்து வச்சுப் பேசுவாங்க. குடியுரிமைத் திருத்தச் சட்டம் 2019ல இலங்கை கிடையாது, உங்களுக்குன்னு தனி வாசல் திறக்கல, இருக்கற ஒண்ணு ரெண்டு வாசலையும் ஒரு மார்க் ஷீட்டுக்காக அடைச்சிக்காதீங்க.

அதனால பட்டுனு சொல்லுதேன், இந்த ஹியரிங்ல சண்டை போடாதீங்க. பிறப்புப் பதிவு கைல இல்ல, பேரை எடுத்தா ஆட்சேபம் இல்லன்னு எழுதிக் கொடுத்துட்டு வந்துருங்க. பட்டியல்ல பேர் போனா குடியுரிமை போயிட்டுன்னு அர்த்தம் இல்ல, நீங்க குடிமகன்தான்னு நிரூபணம் ஆச்சுன்னா எப்ப வேணும்னாலும் திரும்ப ஃபார்ம் 6 போட்டுக்கிடலாம். பொய்யா கொடுத்த பேப்பரைத்தான் திரும்ப வாங்க முடியாது.

ஹியரிங்குக்கு முன்னாடியே ராமநாதபுரம் போய் நகராட்சி பிறப்புப் பதிவேட்ல 1986, 87 ரெண்டு வருஷமும் ஜூலை, ஆகஸ்ட் தேடச் சொல்லி மனு கொடுங்க, பிள்ளை பேர் இல்லாம தாய் தகப்பன் பேர்ல பதிஞ்சிருப்பாங்க, ஆஸ்பத்திரில பிறந்தா பெரும்பாலும் பதிவு இருக்கும். இல்லன்னு சொன்னா இல்லைங்கற சான்றும் எழுத்துல வாங்குங்க. புது சர்டிபிகேட் "ஏற்பாடு" பண்ணித் தாரேன்னு எவனாவது வந்தா வாசலோட அனுப்பிருங்க.

86ன்னு வந்துச்சுன்னா உடனே என்னைப் பாருங்க, மதுரைக் கிளைல ரிட் போடலாம், அதுக்குத் தைரியமா நிக்கலாம். 87ன்னு வந்துச்சுன்னா அம்மாவோட அப்பா அம்மா இலங்கைத் தேயிலைத் தோட்டத்து மலையகத்து ஆளுகளான்னு கேட்டுப் பாருங்க, 1964ல இந்தியாவும் இலங்கையும் போட்ட சாஸ்திரி ஒப்பந்தத்துல யாருக்காவது இந்தியக் குடியுரிமை கிடைச்சிருந்து அது அம்மா பேருக்கும் வந்திருந்தா கதை வேற. பழைய தகரப்பெட்டில நீலப் பேப்பரா பச்சைப் பேப்பரா எது இருந்தாலும் லேமினேஷன் பண்ணாம அப்படியே எடுத்துட்டு வாங்க.