ஐபேடில் இணைந்தும் கராஜ்பேண்டில் ஒலிக்காத பியானோ

வணக்கம். உங்கள் ரோலண்ட் எஃப்பி-10 டிஜிட்டல் பியானோ, ஐபேடின் புளூடூத் பட்டியலில் இணைந்ததாகக் காட்டியும் கராஜ்பேண்ட் என்ற இசைச் செயலியில் ஒரு கட்டைகூட ஒலிக்கவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். பியானோவில் பழுது இருக்காது. இணைத்த இடம்தான் தவறு. முதலில் ஐபேட் அமைப்புகளிலிருந்து அந்தப் பெயரை நீக்கிவிடுங்கள். பிறகு கராஜ்பேண்டில் பற்சக்கரக் குறியைத் தொட்டு, 'அட்வான்ஸ்டு', அதற்குள் 'புளூடூத் மிடி டிவைசஸ்' என்று போய் அங்கிருந்தே இணையுங்கள்.

இன்னொன்று. மிடி என்பது பியானோவும் ஐபேடும் பேசிக்கொள்ளும் முறை. அது எடுத்துச்செல்வது ஒலியை அல்ல. எந்தக் கட்டை, 127 வரையிலான அளவில் எவ்வளவு வேகமாக அடித்தீர்கள் போன்ற தகவலை மட்டுமே. ஆகவே கராஜ்பேண்டின் ஒலி ஐபேடிலிருந்துதான் வரும். அதைக் கேட்கப் புளூடூத் ஹெட்போனை மாட்டிவிடாதீர்கள். விரல் முந்தும், சுரம் பிந்தும், எரிச்சல்தான் மிஞ்சும். கம்பி ஹெட்போனே உத்தமம்.