ஹஸ்கி வேணாம், ஆட்டுக்குட்டி ஓகே: வாசகர் கேள்விக்கு வேலூர் மாட்டு டாக்டர் பதில்

லீவு விட்டதுல இருந்து ஒரே கேள்விதான், ‘பசங்க உயிரை வாங்குறாங்க டாக்டர், எந்த செல்லப்பிராணி வாங்கலாம்’னு. நான் திருப்பிக் கேக்குறது, காலையில ஆறு மணிக்கு அது போன கக்காவை யாரு அள்ளப் போறா? அந்த ஆளுக்கு ஏத்ததா வாங்குங்க, பிள்ளைக்கு ஏத்ததான்றது அப்புறம்.

கேள்வி: சத்துவாச்சாரில ரெண்டாவது மாடி வீடு. பையனுக்கு 7, பொண்ணுக்கு 4. ஹஸ்கி நாய்தான் வேணும்னு அடம். ஏசி இருக்கு, சமாளிக்கலாமா சார்?

வேணாங்க. ஏசி இருக்குன்னுதான் எல்லாரும் சொல்றாங்க, கரெண்ட் போனா இன்னா பண்ணுவீங்க? அது சைபீரியா பனியில வண்டி இழுக்குற சாதி, முடியே ரெண்டு அடுக்கு, நம்ம ஊர் கத்திரி வெயிலோ 40 டிகிரியைத் தாண்டும், நாய்க்கு நம்மள மாதிரி உடம்பு பூரா வேர்க்காது, நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டை இறக்கியாகணும். போன மே மாசம் ஒண்ணைத் தூக்கிகினு வந்தாங்க, டேபிள்ல ஏத்தக்கூட விடல, சிமெண்ட் தரையில நாலு காலையும் பரப்பி வயித்தை ஒட்டிகினு படுத்துடுச்சு, ஈறு செங்கல் கலர், தெர்மாமீட்டர்ல 106. ஈரத்துணி, ஃபேன், டிரிப்ஸ்னு சாயந்தரம் வரைக்கும் போராடித்தான் பொழைச்சுது.

லேப் குணத்துல தங்கம், ஆனா 30 கிலோ வரும், 4 வயசு பொண்ணை வாலாலயே தள்ளி விட்டுடும். சிப்பிப்பாறை நம்ம ஊரு வேட்டை நாய், அதுக்கு ஓட இடம் வேணும். என் ஓட்டு நம்ம தெருவுல பொறந்த நாட்டு நாய்க்குட்டிக்குத்தான். தாய்கிட்ட 8 வாரம் இருந்த குட்டியா எடுங்க, ரத்தக்கழிச்சல்ல குட்டியைக் கொல்ற பார்வோ நோய்க்கு ஊசி ஆரம்பிச்சுடணும், ரேபிஸ் ஊசி மூணு மாசத்துல, அப்புறம் வருஷா வருஷம்.

கேள்வி: விளையாடும்போது குட்டி பல்லு பட்டு பையன் கையில லேசா ரத்தம். வீட்டு நாய்தானே, பாட்டி மஞ்சள் வெச்சுட்டாங்க, போதுமா?

போதாது. மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வைக்காதீங்க. குழாயைத் திறந்து விட்டு சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவணும், கடிகாரம் பாத்து, ஏன்னா எல்லாரும் ரெண்டு நிமிஷத்துலயே நிறுத்திடுறாங்க. கழுவின கையோட அடுக்கம்பாறை ஜிஎச்சோ பக்கத்து ஆஸ்பத்திரியோ போயிடுங்க. ரேபிஸ் ஊசியை தொப்புளைச் சுத்திப் போட்ட காலம் மலையேறிடுச்சு, இப்ப கையிலதான், தோலுக்குள்ள போட்டா அன்னிக்கு, அப்புறம் 3, 7, 28வது நாள், சதையில போட்டா 14வது நாளும் சேரும். ரத்தம் வந்திருக்கறதால காயத்துலயே தனியா ஒரு ஊசியும் போடச் சொல்வாங்க, பயப்படாதீங்க. மூணு மாசம் ஆகாத குட்டிக்கு நாங்க ரேபிஸ் ஊசியே போட்டிருக்க மாட்டோம், அதான் இவ்ளோ சொல்றேன்.

கேள்வி: பச்சைக்கிளி வளர்க்கலாமா?

கூடாது. 1972 வன உயிரின பாதுகாப்புச் சட்டப்படி குத்தம். கூண்டுல விக்கிற நட்சத்திர ஆமையும் அப்படித்தான். லவ் பேர்ட்ஸ்னு கடையில குடுக்குறது முக்காவாசி பட்ஜி, ஆஸ்திரேலியாப் பறவை, அதுக்குத் தடை இல்ல, ஜோடியா வாங்குங்க.

கேள்வி: பொண்ணுக்கு வீசிங் இருக்கு. பூனையா முயலா?

ரெண்டும் வேணாம். பூனை அலர்ஜிக்குக் காரணம் அது எச்சில்லயும் தோல் செதில்லயும் இருக்கு, முடியை மட்டும் வெட்டி பிரயோஜனம் இல்ல. முயலுக்கு நம்ம வெயிலே ஆகாது, குழந்தை தப்பாத் தூக்கி அது உதைச்சா அதோட முதுகெலும்பே ஒடிஞ்சிடும். மீன் வைங்க. உருண்டை பவுல் வேணாம், 10 லிட்டருக்குக் குறையாத தொட்டி, ஆண் ஃபைட்டர் ஒண்ணே ஒண்ணு. சோறு போடாதீங்க, சாமி.

கேள்வி: அணைக்கட்டு பக்கம் தோட்டத்து வீடு. பொய்கை சந்தையில பாத்ததுல இருந்து பொண்ணு வெள்ளாட்டுக்குட்டி கேட்டு அழுவுறா. ஆடெல்லாம் செல்லப்பிராணியா டாக்டர்?

ஏன் இல்ல? இந்த வாரம் எனக்குப் பிடிச்ச கேள்வியே இதான். ஆனா ஒத்தையா வாங்காதீங்க, கூட்டமா வாழ்ற ஜீவன், ராத்திரி பூரா கத்திகினே இருக்கும், ரெண்டா வாங்குங்க. பால் மறந்து தழை கடிக்கிற குட்டியா பாருங்க. ஆட்டுக்கொல்லி, துள்ளுமாரின்னு ஆட்டைக் கொல்ற ரெண்டு நோய்க்கும் அரசு கால்நடை மருந்தகத்துல ஊசி கேளுங்க. பொண்ணு ஆசையா சோறு, அரிசின்னு நிறைய வெச்சுடப் போறா, குட்டி வயிறு உப்பி ஒரே நாள்ல போயிடும், தழையும் புல்லும் போதும்.

அப்புறம் கிடாக்குட்டியா பெட்டையான்னு இப்பவே யோசிச்சிடுங்க. எனக்கு ஒம்போது வயசுல ஒரு கிடா இருந்துச்சு, கருப்பு, நெத்தியில மட்டும் வெள்ளை, ஸ்கூல் விட்டு வந்தா கேட்டு வரைக்கும் ஓடி வரும். ஆடி மாசம் ஒரு நாள் வந்து பாத்தா முளைக்குச்சியில கயிறு மட்டும் கிடந்துச்சு, நைனா ஒண்ணும் சொல்லல, ராத்திரி எனக்கு மட்டும் அம்மா தோசை சுட்டுக் குடுத்தாங்க. பெட்டையா பாத்து வாங்குங்க.