வீட்டுக் காப்பீட்டு கிளெய்ம்: இழுத்தடிப்பும் குறைப்பும் (கேள்வி பதில்)

வெள்ளம், புயல், தீ போன்றவற்றால் வீட்டுக்கு வந்த சேதத்துக்குக் காப்பீட்டு நிறுவனத்திடம் பணம் கேட்டு அலைபவர்களுக்கான பகுதி இது. கேட்பவர்கள் மூன்றைக் கட்டாயம் குறிப்பிடுங்கள்: பாலிசியின் பெயர், சேதம் நடந்த தேதி, கிளெய்ம் பதிவான தேதி. இவை இல்லாத கேள்விக்குப் பொதுப்படையாகத்தான் பதில் சொல்ல முடியும்.

முடிச்சூர் தரைதளம்: சார், பாரத் கிருஹ ரக்ஷா (வீடுகளுக்கான நிலையான காப்பீடு) பாலிசி. வீட்டுக்குள் மூன்றடி தண்ணீர். கிளெய்ம் பதிவு செய்து 40 நாள் ஆகிறது. சர்வேயர் (சேதத்தை அளந்து மதிப்பிடுபவர்) நாலாம் நாளே வந்து போட்டோ எடுத்துவிட்டுப் போனார். அதன்பிறகு சத்தமே இல்லை. போன் செய்தால் "பிராசஸில் இருக்கிறது" என்கிறார்கள்.

பதில்: போன் செய்வதை இன்றோடு நிறுத்துங்கள். போனில் பேசியதற்குச் சாட்சி கிடையாது.

2024 ஜூனில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ வெளியிட்ட பொதுக் காப்பீட்டு மாஸ்டர் சர்க்குலரில் கெடு தெளிவாக இருக்கிறது. கிளெய்ம் பதிவான 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை நியமிக்க வேண்டும். நியமித்த 15 நாளுக்குள் அவர் அறிக்கையை வாங்க வேண்டும். அறிக்கை வந்த 7 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மூன்றையும் சேர்த்தாலும் 23 நாள்தான். உங்கள் விஷயத்தில் அது எப்போதோ தாண்டிவிட்டது.

இன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். பாலிசி எண், கிளெய்ம் எண், சர்வேயர் வந்த தேதி மூன்றையும் எழுதி, நான்கு கேள்வி மட்டும் கேளுங்கள். சர்வேயர் நியமிக்கப்பட்ட தேதி என்ன? அறிக்கை எந்தத் தேதியில் உங்களுக்கு வந்தது? என்னிடமிருந்து ஏதாவது ஆவணம் பாக்கி இருக்கிறதா? இருந்தால் எந்தத் தேதியில் எழுத்தில் கேட்டீர்கள்? மூன்றாவதும் நான்காவதும் முக்கியம். "வாடிக்கையாளர் ஆவணம் தரவில்லை" என்பதுதான் தாமதத்துக்கு அவர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணம். கேட்காத ஆவணத்தைத் தரவில்லை என்று சொல்லவிடாமல் இப்போதே அந்த வாசலை அடைத்துவிடுங்கள். கடைசி வரியில், தாமதத்துக்கு ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி விகிதத்துக்கு மேல் 2% சேர்த்து வட்டி கோருவதாக எழுதுங்கள். வட்டியைக் கேட்காதவர்களுக்குப் பெரும்பாலும் அது வருவதில்லை.

மின்னஞ்சலை கிளெய்ம் பிரிவுக்கும், நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கும் சேர்த்தே அனுப்புங்கள். பதில் வராவிட்டால் ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா தளத்தில் புகாரைப் பதியுங்கள்.

நாலு கேள்வி நாகராணி: எங்களுக்கு வெள்ளத்தில் சுவர், கதவு, கிச்சன் கப்போர்டு எல்லாம் போச்சு. 3.8 லட்சம் கேட்டோம். 1.42 லட்சம் என்று கடிதம் வந்திருக்கிறது. எப்படி இவ்வளவு குறைத்தார்கள் என்றே தெரியவில்லை. இதுவும் பாரத் கிருஹ ரக்ஷாதான்.

பதில்: மேடம், முதலில் சர்வே அறிக்கையின் நகலை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அது உங்களுக்கு உரியது. கடிதத்தில் இருப்பது வெறும் தொகை. எங்கே வெட்டினார்கள் என்பது அறிக்கையின் அளவுப் பட்டியலில்தான் இருக்கும். குறைப்பு பெரும்பாலும் விலையில் நடப்பதில்லை, அளவில் நடக்கிறது. விலையை மட்டும் வைத்துச் சண்டை போடுபவர்கள் அதனால்தான் தோற்கிறார்கள்.

ஒரு அறையை எடுத்துக்கொள்வோம். 12க்கு 10 அடி அறை. நான்கு சுவரும் சேர்ந்து 44 அடி ஓட்டம். கதவுக்கு 3 அடி கழித்தால் 41. தண்ணீர் 3 அடி நின்றது. சர்வேயர் 41 x 3 என்று போட்டு 123 சதுர அடி பூச்சு, அதே 123 சதுர அடிக்குப் பெயின்ட் என்று எழுதியிருப்பார்.

ஆனால் செங்கல் தண்ணீரை மேலே இழுக்கும். தண்ணீர் வடிந்து சில வாரத்தில் கறைக்கோட்டுக்கு மேலே பூச்சு உப்புப் பூத்து, தட்டினால் பொத்தென்று ஓசை வரும். அந்த உயரம் வரைக்கும் கொத்தித்தான் மறுபூச்சு பூச வேண்டும். 4.5 அடி வரை ஏறியிருந்தால் கிட்டத்தட்ட 185 சதுர அடி. பெயின்ட் அதற்கும் மேல். பாதிச் சுவருக்கு அடித்தால் நிறம் சேராது. 10 அடி உயரத்துக்கு முழுச் சுவரும் அடித்தால் 410 சதுர அடி, ஜன்னலைக் கழிக்காமல். ஆக, பெயின்டில் மட்டுமே கணக்கு மூன்று மடங்குக்கு மேல் மாறுகிறது. இதைச் சதுர அடியில் எழுதிக் கேட்டால் அவர்கள் பதில் சொல்லியே ஆக வேண்டும். "குறைவாக இருக்கிறது" என்று மட்டும் எழுதினால், பரிசீலித்தோம், மாற்றமில்லை என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள்.

செய்ய வேண்டியது: கொத்துவதற்கு முன் டேப்பைச் சுவரில் நிறுத்தி, கறைக்கோடும் உப்பு ஏறிய உயரமும் தெரிய ஒவ்வொரு சுவரையும் படம் எடுங்கள். கொத்திய பிறகும் எடுங்கள். மேஸ்திரியிடம் மொத்தத் தொகை போட்ட சீட்டு வாங்காதீர்கள். கொத்துதல், பூச்சு, பட்டி, பிரைமர், பெயின்ட், கழிவு அள்ளுதல் என்று தனித்தனியாக, சதுர அடியும் விலையும் போட்டு வாங்குங்கள். முடிந்தால் சிவில் இன்ஜினியர் ஒருவரின் மதிப்பீடு. இந்தப் பாலிசியில் ஆர்க்கிடெக்ட், இன்ஜினியர் கட்டணம் கிளெய்ம் தொகையில் 5% வரை, இடிபாடு அகற்ற 2% வரை உண்டு.

அடுத்து கப்போர்டு. "ஏழு வருடம் பழையது, 50% தேய்மானம்" என்று போட்டிருப்பார்கள். வீட்டுப் பொருளுக்கு இந்தப் பாலிசியின் வாசகம், பழுது பார்க்கும் செலவு அல்லது அதே போன்ற பொருளை மாற்றும் செலவு. தேய்மானம் கழித்திருந்தால் "எந்தப் பிரிவின் கீழ்?" என்று கேளுங்கள். பார்ட்டிகிள் போர்டு ஒருமுறை ஊறினால் திருகாணி பிடிக்காது. காய வைத்து மாட்டலாம் என்று எழுதியிருந்தால் ஆசாரியின் குறிப்போடு மறுத்து எழுதுங்கள்.

அந்த 1.42 லட்சத்தைப் பெற நிறுவனம் கையெழுத்துக் கேட்கும் வவுச்சரில் "முழுமையான, இறுதித் தீர்வாக ஏற்கிறேன்" என்ற வரி இருந்தால் அப்படியே கையெழுத்துப் போடாதீர்கள்.

டிசையர் வண்டி: காருக்குள் தண்ணீர் புகுந்து இன்ஜின் லாக் ஆகிவிட்டது...

பதில்: அது மோட்டார் பாலிசி. அதற்கான பகுதியில் கேளுங்கள். அதுவரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

கடன்காரன்: வங்கியில் வீட்டுக்கடன் வாங்கும்போது அவர்களே ஒரு பாலிசி போட்டார்கள். 2019ல். 20 லட்சத்துக்கு. சேதம் 4 லட்சம். 2 லட்சம்தான் தருவோம் என்கிறார்கள். இது நியாயமா அண்ணே?

பதில்: அது பழைய ஸ்டாண்டர்டு ஃபயர் பாலிசியாக இருக்கும். அதில் ஆவரேஜ் விதி உண்டு. வீட்டை இன்று திரும்பக் கட்ட 40 லட்சம் ஆகும், நீங்கள் 20 லட்சத்துக்குத்தான் காப்பீடு செய்திருக்கிறீர்கள், ஆகவே சேதத்திலும் பாதிதான் என்பது கணக்கு. விதிப்படி தப்பில்லை. ஆனால் இரண்டைச் சரிபாருங்கள். ஒன்று, அந்த 40 லட்சத்தில் மனை விலையைச் சேர்த்துவிட்டார்களா என்று பாருங்கள். கட்டுமானச் செலவு மட்டும்தான் சேர வேண்டும். நகரத்தில் மனை சேர்ந்தால் கணக்கு தலைகீழாகிவிடும். இரண்டு, பாலிசி 2021 ஏப்ரலுக்குப் பிறகு புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா? அந்த மாதம் முதல் வீடுகளுக்குப் பாரத் கிருஹ ரக்ஷாதான் நிலையான பாலிசி. அதில் இந்த ஆவரேஜ் வெட்டு கிடையாது. புதிய பாலிசிக்குப் பழைய விதியைப் போட்டிருந்தால் எழுத்தில் மறுப்புத் தெரிவியுங்கள்.

இன்னொன்று: கடன் பாக்கி இருந்தால் பணம் வங்கிக்குப் போகலாம். ரிப்பேருக்கு விடுவிக்கச் சொல்லி வங்கி மேலாளருக்கு இப்போதே கடிதம் கொடுங்கள்.

சோழிங்கநல்லூர் 3பி: சர்வேயர் வந்து மூணு வாரம் ஆச்சு, பதில் இல்லை. என்ன செய்ய?

பதில்: முதல் கேள்விக்கான பதிலைப் படியுங்கள்.

கரண்ட் கம்பி: தண்ணீர் ஹால் வரை வரவில்லை. ஆனால் கரண்ட் திரும்ப வந்தபோது டிவி, ஃப்ரிட்ஜ் இரண்டும் போச்சு. வெள்ளத்தால்தானே சார்?

பதில்: இல்லை. மின் அழுத்தத்தாலும் ஷார்ட் சர்க்யூட்டாலும் அந்தக் கருவிக்கே வரும் சேதம் விலக்கில் இருக்கிறது. அதிலிருந்து தீ பரவினால் மற்றவற்றுக்கு வந்த சேதம் சேரும். தண்ணீர் புகுந்த கருவிக்குப் பணம் உண்டு. அதனால் தண்ணீர் நின்ற வீட்டில் மெக்கானிக் திறந்து பார்க்கும் முன் எதையும் பிளக்கில் சொருகாதீர்கள். சொருகி எரிந்தால் தண்ணீரால் போனதையும் "மின் கோளாறு" என்று எழுதிவிடுவார்கள். கருவியின் சர்க்யூட் போர்டில் சேறும் துருவும் தெரியும்படி படம் எடுத்து, "நீர் புகுந்ததால் பழுது" என்று சர்வீஸ் சென்டரின் கடிதம் வாங்குங்கள்.

காயல் காற்று: தூத்துக்குடி மாவட்டம். 2023 டிசம்பர் மழையில் மொட்டைமாடி வழியாகத் தண்ணீர் இறங்கி ஃபால்ஸ் சீலிங் விழுந்தது. "நாள்பட்ட கசிவு, தேய்மானம்" என்று நிராகரித்தார்கள். கடிதம் வந்து ஏழு மாதம் ஆகிறது.

பதில்: உங்கள் மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் அந்த மழையின்போது ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. நாள்பட்ட கசிவுக்குப் பழைய மஞ்சள் வளையக் கறை, பூஞ்சை, துருவேறிய கம்பி என்று அடையாளம் இருக்கும். அறிக்கையில் அப்படி எதையாவது படத்தோடு காட்டியிருக்கிறார்களா? காட்டாமல் வெறும் சொல்லாக எழுதியிருந்தால், வானிலை ஆய்வு மையத்தின் மழை அளவையும் மழைக்கு முந்தைய வீட்டுப் படங்களையும் இணைத்து மறுபரிசீலனை கேளுங்கள். வீட்டு விசேஷத்தில் எடுத்த படத்தில் சீலிங் தெரிந்தால்கூடப் போதும். அதுவும் பலிக்காவிட்டால் ஆம்புட்ஸ்மனிடம் (காப்பீட்டுப் புகார்களை விசாரித்து உத்தரவிடுபவர்) போகலாம், அதற்கு ஓராண்டுக் கெடு ஓடுகிறது. கீழே ஆம்புட்ஸ்மன் பதிலைப் பாருங்கள்.

அளவுகோல்: நான் சர்வேயராக இருப்பவன். ஒருதலைப்பட்சமாகப் பேசுகிறீர்கள். வெள்ளம் வந்தால் ஒரு நாளில் பத்துப் பதினைந்து வீடு. பாதிப் பேர் நனையாத சோபாவையும் சேர்த்து எழுதுகிறார்கள். வாங்காத பொருளுக்கு ஜிஎஸ்டி பில் வருகிறது. வெட்டாமல் என்ன செய்வது?

பதில்: பொய்க் கணக்கு நடக்கிறது என்பது உண்மை. அதனால்தான் இங்கே எல்லோருக்கும் சொல்கிறேன்: ஒரு பொருள்கூடக் கூட்டி எழுதாதீர்கள். பொய் என்று ஒன்று நிரூபணமானால் மொத்த கிளெய்மையும் மறுக்கப் பாலிசியில் இடம் இருக்கிறது.

ஆனால் பொய் எழுதியவரின் சோபாவை வெட்டுங்கள். உண்மை எழுதியவரின் சுவரை ஏன் வெட்ட வேண்டும்? எல்லோரும் கூட்டித்தான் கேட்பார்கள் என்று முன்கூட்டியே முடிவு செய்து பொதுவாக 40% குறைப்பது மதிப்பீடு ஆகாது.

அளவுகோல்: முடிவு எடுப்பது நிறுவனம். நாங்கள் அறிக்கைதான் தருகிறோம். எங்கள் அறிக்கையையும் அவர்கள் திருப்பி அனுப்பி விளக்கம் கேட்பதுண்டு.

முடிச்சூர் தரைதளம்: அப்படித் திருப்பி அனுப்பியது எங்களுக்குத் தெரிய வேண்டாமா சார்? நாற்பது நாளாக அதைத்தானே கேட்கிறேன்.

அளவுகோல்: நிறுவனத்தைக் கேளுங்கள். வீட்டுக்காரர்கள் நாங்கள் வரும்முன்பே சாமானைக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். பார்க்காத பொருளுக்கு எப்படி எழுதுவது?

பதில்: இதில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் நாற்றமெடுக்கும் மெத்தையை ஒரு வாரம் வீட்டில் வைத்திருக்க முடியாது. வழி இதுதான்: அப்புறப்படுத்தும் முன் நிறுவனத்துக்கு "சுகாதாரக் காரணத்தால் நாளை காலை 10 மணிக்கு அகற்றுகிறோம்" என்று மின்னஞ்சல். ஒவ்வொரு பொருளையும் சீரியல் எண் தெரிய வீடியோ. மெத்தை, திரைச்சீலை, தரைவிரிப்பிலிருந்து ஒரு துண்டு வெட்டிக் கவரில். ஸ்டெபிலைசர், மோட்டார் போன்ற கெடாத சாமானை வைத்திருங்கள்.

விலைப் பேச்சைவிட ஒன்றைத்தான் உங்களிடம் கேட்பேன். வீட்டிலேயே அளவு எடுத்து, அந்தத் தாளில் வீட்டுக்காரரின் கையெழுத்தும் வாங்கி, ஒரு நகலைக் கொடுத்துவிட்டு வாருங்கள். பாதிச் சண்டை அங்கேயே தீரும்.

அளவுகோல்: அளவுத்தாள் கொடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. சிலர் கொடுக்கிறோம்.

பதில்: படிப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். சர்வேயர் வரும்போதே அளவுத்தாளின் நகலைக் கேளுங்கள், இல்லையென்றால் அங்கேயே போனில் படம் எடுங்கள். சர்வேயர் அறிக்கை முக்கியமான ஆதாரம், ஆனால் அதுவே கடைசிச் சொல் அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2009லேயே சொல்லிவிட்டது. மறுப்பதற்கு உங்கள் கையில் அளவு இருக்க வேண்டும்.

வாடகை வீடு: நாங்கள் வாடகைக்கு இருக்கிறோம். ஓனர் பாலிசியில் எங்கள் சாமான் சேருமா?

பதில்: சேராது. பொருட்களுக்கு மட்டும் தனியாக எடுக்கலாம்.

பால்கனி: அப்பார்ட்மென்ட்டில் லிஃப்ட், சம்ப் மோட்டார் மூழ்கிவிட்டது. என் பாலிசியில் கேட்கலாமா?

பதில்: அசோசியேஷன் பாலிசியில் கேளுங்கள்.

விழுப்புரம் வேலு: ஃபெஞ்சல் புயலில் போன வீடு. ஒரு கன்சல்டன்ட் முழுத்தொகையும் வாங்கித் தருகிறேன், 20% கொடுங்கள் என்கிறார். ஆம்புட்ஸ்மன் போவதா, நுகர்வோர் ஆணையம் போவதா?

பதில்: ஐயா, அந்த 20% வேண்டாம். ஆம்புட்ஸ்மனிடம் கட்டணமும் இல்லை, வக்கீலும் ஏஜென்ட்டும் ஆஜராக முடியாது. நீங்களே போய்ப் பேச வேண்டும்.

வரிசை இப்படி. முதலில் நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு எழுத்துப் புகார். ஒரு மாதம் பதில் இல்லையென்றாலோ, பதில் திருப்தி தராவிட்டாலோ இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மன். தமிழ்நாட்டுக்கு அலுவலகம் சென்னையில். ஆன்லைனிலும் தரலாம். நிறுவனம் மறுத்த ஓராண்டுக்குள் போக வேண்டும். 50 லட்சம் வரை உத்தரவிடலாம். அந்த உத்தரவை நிறுவனம் 30 நாளில் நிறைவேற்ற வேண்டும். உங்களுக்கு அது போதவில்லை என்றால் ஏற்காமல் நுகர்வோர் ஆணையம் போகலாம். தலைகீழாகச் செய்யாதீர்கள்: நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு நிலுவையில் இருந்தால் ஆம்புட்ஸ்மன் எடுக்கமாட்டார்.

நுகர்வோர் ஆணையத்துக்குக் கெடு இரண்டாண்டு. நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம். எந்த நிலை ஆணையத்தில் போடுவது என்ற வரம்பு, நீங்கள் கட்டிய பிரீமியத்தை வைத்துத்தான், கேட்கும் தொகையை வைத்து அல்ல. ஆகவே வீட்டு கிளெய்ம் அநேகமாக எல்லாம் மாவட்ட ஆணையத்திலேயே முடியும். மனஉளைச்சலுக்கு இழப்பீடும் வேண்டுமென்றால் இந்த வழி. நாள் அதிகம் பிடிக்கும்.

புதுவீடு: வவுச்சரில் கையெழுத்துப் போட்டால்தான் பணம் என்கிறார்கள். போடலாமா?

பதில்: மேலே சொன்னதுதான். அவசரத்துக்குப் பணம் வேண்டுமென்றால், கையெழுத்துக்கு மேலே "மீதித் தொகைக்கான உரிமையை விட்டுக்கொடுக்காமல், ஆட்சேபத்துடன் பெறுகிறேன்" என்று கையால் எழுதி, அதையே அன்றைக்கே மின்னஞ்சலும் செய்யுங்கள்.

மாடிவீடு: ஏற்கெனவே கையெழுத்துப் போட்டாச்சு சார். இனி ஒன்றும் முடியாதா?

பதில்: முடியும். வவுச்சர் ஒன்றாலேயே பாலிசிதாரரின் உரிமை போய்விடாது என்று 2015 செப்டம்பரிலேயே ஐஆர்டிஏஐ சர்க்குலர் போட்டிருக்கிறது. ஆனால் கட்டாயத்தாலோ தவறான தகவலாலோ போட்டீர்கள் என்று காட்டும் பொறுப்பு உங்களுடையது. பணம் வந்து பல மாதம் பேசாமல் இருந்தால் நம்பமாட்டார்கள். இந்த வாரமே எழுதுங்கள்.

வேளச்சேரி அம்மு: வவுச்சர் பற்றி...

பதில்: இதற்கு மேலே இரண்டு பதில் இருக்கிறது. படித்துவிட்டுப் புதிதாக ஏதாவது இருந்தால் மட்டும் கேளுங்கள்.

நனைந்த ஃபைல்: பில், வாரன்ட்டி கார்டு எல்லாம் தண்ணீரில் போய்விட்டது. பில் இல்லாமல் கிளெய்ம் இல்லை என்கிறார்கள்.

பதில்: ஆவணம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக நிராகரிக்கக் கூடாது என்று மேலே சொன்ன 2024 சர்க்குலரே சொல்கிறது. கடையில் உங்கள் போன் எண்ணைச் சொல்லிப் பில் நகல் கேளுங்கள். கார்டில் வாங்கியிருந்தால் வங்கி ஸ்டேட்மென்ட், ஆன்லைனில் வாங்கியிருந்தால் பழைய ஆர்டர் பக்கம். வாரன்ட்டி பதிவு செய்திருந்தால் கம்பெனியிடம் சீரியல் எண்ணை வைத்தே வாங்கிய தேதி கிடைக்கும். நனைந்த பில்லைத் தூக்கிப் போடாதீர்கள். வெயிலில் வைத்தால் பில் அச்சாகும் தெர்மல் தாள் கெட்டுவிடும். நிழலில், இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவே வைத்துக் காய வைத்துப் படம் எடுங்கள்.