அடையாறு புற்றுநோய் மருத்துவமனை எப்படித் தோன்றியது, அதன் வளர்ச்சிக்கு எது காரணம்?

2008இல் என் பெரியம்மாவுக்குக் கன்னத்தின் உட்பக்கம், வெற்றிலையை அடக்கி வைக்கும் இடத்தில், புண் வந்தது. பல் குத்தியிருக்கும் என்று நான்கு மாதம் களிம்பு தடவியே போய்விட்டது. சதை எடுத்துச் சோதித்த பிறகுதான் புற்றுநோய் என்று தெரிந்தது. வந்தவாசியிலிருந்து வந்த உறவினர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: "இனிமேல் செலவு செய்து என்ன ஆகப்போகிறது? இருக்கும் வரை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்."

இந்த மருத்துவமனை தோன்றிய நாளிலிருந்து எதிர்த்து நின்றது இந்த எண்ணத்தைத்தான். உங்கள் கேள்விக்கு என் பதிலும் அதுவே.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றவர். 1923இல் அவருடைய தங்கை புற்றுநோயால் இறந்தார். மருத்துவரான அக்காள் அருகிலிருந்தும் காப்பாற்ற வழியில்லை. சட்டமன்றம், தேவதாசி ஒழிப்பு, அவ்வை இல்லம் என்று எத்தனையோ வேலைகளுக்கு நடுவிலும் அந்த இழப்பை அவர் விடவில்லை. புற்றுநோய்க்கென்று தனி மருத்துவமனை எதற்கு என்று கேட்டவர்கள் மத்தியில், இந்திய மாதர் சங்கத்தின் மூலம் நிதி திரட்டினார். 1952இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18 அன்று 12 படுக்கைகளுடன் மருத்துவமனை திறந்தது. அப்போது முத்துலட்சுமி அம்மையாருக்கு வயது 67. தங்கை இறந்து முப்பத்தொரு ஆண்டுகள் ஆகியிருந்தன.

அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி பொறுப்பேற்றார். 1955இல் டாக்டர் வி. சாந்தா வந்து சேர்ந்தார். அரசு மருத்துவமனையில் வேலை காத்திருக்க, அதை விட்டுவிட்டு இங்கே வந்தவர் அவர். முதல் மூன்று ஆண்டுகள் ஊதியம் கிடையாது. பிறகு மாதம் 200 ரூபாயும் வளாகத்திலேயே தங்க இடமும் தந்தார்கள். 2021 ஜனவரியில் கண்ணை மூடும் வரை அந்த வளாகம்தான் அவருக்கு வீடு. மகசேசே விருதும் பத்ம விபூஷணும் அங்கேதான் அவரைத் தேடி வந்தன.

கருவிகளின் கதை நீளமானது, சுருக்கமாகச் சொல்கிறேன். கோபால்ட் கதிர்வீச்சுக் கருவி 1950களிலேயே வந்துவிட்டது. 1984இல் புற்றுநோய் மருத்துவத்துக்கென்றே கல்லூரி தொடங்கி, அதில் உயர் பட்டப் படிப்பை நாட்டுக்கே முதலில் தந்தார்கள். இன்று படுக்கைகள் ஐந்நூறுக்கும் மேல். பணம் இல்லாதவர்களுக்கும் அவற்றில் இடம் உண்டு.

எனக்கு இவை எல்லாவற்றையும் விடப் பெரிதாகத் தெரிவது வேறொன்று. வெற்றிலை, புகையிலையால் கன்னத்தில் வரும் புற்றுநோய் நம் ஊர் ஏழைகளின் நோய். கிருஷ்ணமூர்த்தியும் சாந்தாவும் 1970களில் அதை எடுத்துக்கொண்டு, கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களையும் கதிர்வீச்சோடு மருந்தும் பெற்றவர்களையும் ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள். முற்றிய நோயையும் குணப்படுத்தப் பார்க்கலாம் என்று நம்பியவர்களால்தான் அப்படி ஆராய முடியும்.

பெரியம்மாவுக்குக் கதிர்வீச்சு, மருந்து இரண்டும் தந்தார்கள். நோயாளிகள் பேச்சில் கதிர்வீச்சு என்றால் "கரண்ட் வைப்பது". ஆறு வாரம், வாரத்துக்கு ஐந்து நாள், நான்தான் உடன் போவேன். வரிசையில் காத்திருக்கும் நேரத்தில் பெண்கள் ஒருவருக்கொருவர் கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வி, "உங்களுக்கு எத்தனையாவது கரண்ட்?" இருபது என்று ஒருவர் சொன்னால், மூன்றாவது நாளில் இருப்பவரின் முகம் தெளிவதைப் பார்த்திருக்கிறேன். வாய் வெந்து கஞ்சி கூட இறங்காத நாட்களில் பெரியம்மாவை மறுநாளும் கிளம்ப வைத்தது அந்த வரிசைதான்.

அதற்குப் பிறகு பதினோரு ஆண்டுகள் வாழ்ந்தார். வெற்றிலைப் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டார். எதிர்வீட்டுப் பெண் மார்பில் கட்டி என்று ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, அவள் மாமியார் பேச ஆரம்பிக்கும் முன்பே பெரியம்மா பையை எடுத்துக்கொண்டார். அடுத்த பஸ்ஸில் இருவரும் அடையாறுக்குப் புறப்பட்டார்கள்.