ஆபீசில் டீம் பில்டிங்குக்காக எல்லோரையும் சேர்ந்து பாட வைப்பதில் பலன் உண்டா? பாடவே வராதவர்கள் என்ன செய்வது?

உண்டு. ஆனால் ஒருவர் பாட மற்றவர்கள் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிற மாதிரி நடத்தினால் இல்லை, அது கெடுதல்தான் செய்யும். நான் இரண்டையும் பார்த்தவள்.

கெட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன். முன்பு வேலை பார்த்த இடத்தில் எல்லோரையும் ஒரு ரிசார்ட்டுக்கு அழைத்துப் போய், மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கரோக்கே போட்டு, சீட்டுக் குலுக்கிப் பெயர் எடுத்தார்கள். வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகாத ஒரு பையன் பெயர் வந்தது. அவன் வேண்டாம் சார், வேண்டாம் சார் என்று கெஞ்ச, இவர்கள் கைதட்டித் தட்டி மேடையில் ஏற்றிவிட்டார்கள். பல்லவி பாதியிலேயே குரல் உடைந்துவிட்டது. அதை யாரோ போனில் எடுத்து அன்று ராத்திரியே வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார்கள். அடுத்த ஒரு வாரம் அவன் கேன்டீன் பக்கமே வரவில்லை, சீட்டிலேயே டப்பாவைத் திறந்து சாப்பிட்டான். நெருக்கம் வரட்டும் என்று செய்த காரியம், ஒருவனை ஒதுக்கி வைத்துவிட்டது.

இப்போது இருப்பது கோயம்புத்தூரில், பம்ப் உதிரி பாகம் அனுப்பும் ஒரு கம்பெனி. மாடியில் அக்கவுண்ட்ஸ், கீழே டிஸ்பேட்ச். இரண்டுக்கும் பேச்சுவார்த்தை என்றால் பில் நம்பர் கேட்பதும் சண்டையும்தான். ஆறு புதன்கிழமை, சாயங்காலம் 4 முதல் 5 வரை, டிரெயினிங் ஹாலில் நாற்காலியை எல்லாம் ஓரங்கட்டிவிட்டு 24 பேர் வட்டமாக நின்றோம். சொல்லிக்கொடுக்க வந்த டீச்சர் ஒரு சுருதிப் பெட்டி மட்டும் கொண்டுவந்தார். முதல் நாள் பாட்டே கிடையாது. மூச்சு, கைதட்டு, அப்புறம் கொன்னக்கோல் சொல்லு, அதாவது தாளத்தை வாயாலேயே சொல்லும் சொற்கட்டு.

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், நீங்களே செய்து பார்க்கலாம். வட்டத்தில் பாதிப் பேர் 'தகிட' என்று மூன்று மூன்றாகச் சொல்ல வேண்டும், மறுபாதி 'தகதிமி' என்று நாலு நாலாக. வேகம் இரண்டுக்கும் ஒன்றுதான். தகிடக்காரர்கள் நாலு முறை, தகதிமிக்காரர்கள் மூன்று முறை சொன்னால் 12 எண்ணிக்கை முடிந்து, அடுத்த 'த' இரண்டு பக்கமும் ஒன்றாக விழும். கேட்க சுலபமாக இருக்கிறதா? 7வது எண்ணிக்கையில் எதிர்ப்பக்கம் அழுத்தி 'த' சொல்லும், அதே நேரம் தகதிமிக்காரர்கள் வாயில் 'தி' வர வேண்டும். அங்கேதான் எல்லோரும் இடறினோம். டிஸ்பேட்சில் இருக்கும் ஒரு அண்ணன் தொடையில் தட்டிக்கொண்டே விடாமல் முயற்சி செய்தார், மூன்று முறையும் அதே இடத்தில் போனது. எதிரில் நின்ற எங்கள் சூப்பர்வைசர் மேடம், தன் தகிடவை நிறுத்திவிட்டு, அவரைப் பார்த்து விரலை மடக்கி மடக்கி எண்ணிக் காட்டினார். நாலாவது முறை 'த' ஒன்றாக விழுந்ததும் அந்த அண்ணன் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. இரண்டு வருஷமாக அந்த இருவரும் போனில் கத்திக்கொண்டவர்கள்.

இன்னொரு லாபம், 'தகதிமி' யாருக்கும் தாய்மொழி இல்லை. லோடிங்கில் இருக்கும் ஒடிசா தம்பிகளும் மாடியில் இருக்கும் மலையாளம் பேசுகிற பெண்ணும் எங்களோடு ஒரே கோட்டிலிருந்துதான் தொடங்கினார்கள்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கும் பதில் இதில்தான் இருக்கிறது. பாட வராது என்று சொல்கிறவர்களில் நிறையப் பேர் சுருதி பொருந்தாத பாட்டைப் பாடிப் பார்த்துவிட்டு அப்படி முடிவு கட்டியவர்கள். சுருதி என்பது பாட்டின் ஆதார ஸ்வரம், அது எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள். பொதுவாக ஆண்களுக்கு ஒன்று, ஒன்றரைக் கட்டை சௌகரியம், பெண்களுக்கு ஐந்து, ஐந்தரை. பெண்களின் சுருதியில் வைத்தால் ஆண்கள் மேலே கத்த வேண்டிவரும், ஆண்களின் சுருதியில் வைத்தால் கீழே போகும்போது பெண்களுக்குக் குரலே எழும்பாது. அதனால் எங்கள் டீச்சர் இரண்டு கட்டையில் வைத்து, மேல் ஸ்தாயிக்கே போகாத, ஐந்தாறு ஸ்வரத்துக்குள் சுற்றி வருகிற நாலு வரிப் பாட்டாகக் கொடுத்தார். அவர் ஒரு வரி பாடுவார், நாங்கள் திருப்பிப் பாடுவோம், நடவு நடுகிறபோதும் பஜனையிலும் பாடுகிற அதே முறை. வாய் திறக்கவே கூச்சப்பட்ட இரண்டு பேர் கடைசி வரை தாளம் மட்டும் போட்டார்கள், அவர்களை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

ஆராய்ச்சி ஏதாவது உண்டா என்று எச்.ஆர்.-இல் கேட்பார்கள். ஆக்ஸ்ஃபோர்டு ஆராய்ச்சியாளர்கள் 2015-இல் வெளியிட்டது ஒன்று இருக்கிறது. பெரியவர்களுக்கான பாட்டு வகுப்பு, கைவினை வகுப்பு, எழுத்து வகுப்பு ஆகியவற்றை 7 மாதம் கவனித்தார்கள். பாட்டு வகுப்பில் இருந்தவர்கள் முதல் மாதத்திலேயே மற்ற வகுப்புக்காரர்களைவிட வேகமாக நெருங்கிவிட்டார்கள், 7 மாத முடிவில் மற்றவர்களும் அந்த அளவுக்கு வந்துவிட்டார்கள். ஆக, முன்பின் பழகாதவர்களைச் சீக்கிரம் பழக வைக்கும் வேலையைப் பாட்டு நன்றாகச் செய்கிறது. அதற்கு மேல் அதன் தலையில் ஏற்றாதீர்கள். சம்பளம் தாமதமாகிற இடத்திலும், மேனேஜர் வாயைத் திறந்தால் திட்டுகிற இடத்திலும் ஆறு வாரம் பாடி ஒன்றும் ஆகாது.

நம் ஊரில் இதற்கு நல்ல முன்னோடியே இருந்திருக்கிறார். இசையமைப்பாளர் எம்.பி. ஸ்ரீனிவாசன் சினிமா இசைக் கலைஞர்களுக்குச் சங்கம் கட்டியவர், சென்னையில் இளைஞர்களைச் சேர்த்து சேர்ந்திசைக் குழு நடத்தியவரும் அவர்தான். சங்கமும் சேர்ந்திசையும் ஒரே ஆளிடமிருந்து வந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

நடத்துவதாக இருந்தால் வேலை நேரத்திலேயே வையுங்கள், சனிக்கிழமை லீவைப் பறித்து வைத்தால் முகம் சுளித்துக்கொண்டுதான் வருவார்கள். போனை வாசலில் ஒரு கூடையில் போடச் சொல்லுங்கள். மேனேஜர் வந்தால் வட்டத்துக்குள் நின்று தானும் தப்புத் தப்பாகத் தாளம் போட வேண்டும், ஓரமாகக் கைகட்டி நிற்பதானால் அவர் வராமல் இருப்பதே நல்லது. ஒரு மதத்தின் பக்திப் பாட்டை மட்டும் எடுக்காதீர்கள். போட்டி, பரிசு, மார்க் எதுவும் வேண்டாம்.

நாலாவது வாரத்துக்கு அப்புறம் ஒரு நாள் அந்த அண்ணன் மாடி ஏறி வந்தார். "மேடம், பில் காப்பி 11 மணிக்குள்ள கீழ வந்துட்டா வண்டி கேட்ல நிக்காதுங்க" என்றார். இரண்டு வருஷச் சண்டைக்குக் காரணம் அவ்வளவுதான், அதைப் போனில் யாரும் சொன்னதுமில்லை, காது கொடுத்துக் கேட்டதுமில்லை.

ஆண்டு விழா மேடையில் பாடுங்களேன் என்று மேலிடத்தில் கேட்டார்கள். வேண்டாம் என்று எல்லோரும் சேர்ந்தே சொல்லிவிட்டோம். டீச்சர் வருவது நின்றுவிட்டது, ஆனால் புதன்கிழமை 4 மணிக்கு வருகிறவர்கள் இன்னும் வருகிறார்கள். போன வாரம் 11 பேர்.